பக்கத்து அறைத் தூதர்

ஆய்வுக் கட்டுரையைத் திறந்தால் ‘பணம் கட்டு’ என்கிறது கணிப்பொறித் திரை. மாணவர் சோர்ந்து விலகுகிறார். அந்த இதழுக்கு அரசே சந்தா கட்டியிருக்கலாம் என்பது அவருக்குத் தெரியாது.

‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2025 முதல் 3 ஆண்டுகளுக்கு மத்திய அரசு ஒதுக்கிய தொகை 6,000 கோடி ரூபாய். சுமார் 13,000 இதழ்கள்; அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களில் பயன்பெறக்கூடியோர் 1.8 கோடிப் பேர்.

இதை யார் சொல்வது? நூலகரிடம் கேட்கக் கூச்சம். அறிவிப்புப் பலகையைப் பார்ப்போர் குறைவு. விடுதித் தோழர் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால் மறக்காது. துறைக்கு இரண்டு மாணவத் தூதர்கள் போதும்.

நூலுக்குரிய வாசகரைத் தேடித்தருவது நூலகத்தின் கடமை என்று 1931-லேயே எழுதியவர் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ்.ஆர். ரங்கநாதன். அந்தத் தேடல் நூலகர் ஒருவரால் ஆகிற காரியமல்ல.