பத்து வாரமும் ஒரு கரும்புள்ளியும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், பட்டப்படிப்பை இன்னும் முடிக்காத மாணவரைக் கோடை விடுமுறையில் உண்மையான ஆராய்ச்சியில் ஈடுபடுத்தும் வழக்கம் உண்டு. சூரிய பௌதிகமும் அத்துறைகளுள் ஒன்று. கிடைக்கும் காலமோ ஏறக்குறையப் பத்து வாரம். அதற்குள் சூரியனின் மர்மங்களையெல்லாம் துலக்கிவிடப் புறப்படுகிறவர் வெறுங்கையோடு திரும்புவார். அளந்தறியக்கூடிய சிறு வினா ஒன்றை எடுத்துக்கொள்பவரே எதையாவது கண்டு வருவார்.

அத்தகைய வினா ஒன்று: சூரியன் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற எத்தனை நாள் செல்லும்? விடை முன்னரே தெரிந்ததுதான். ஆயினும், தெரிந்ததைத் தாமே அளந்து பெறாதவர், தெரியாததை அளக்கும்போது தம் அளவையை எங்ஙனம் நம்புவது?

சூரியனை வெறுங்கண்ணால் நோக்குதல் பார்வையைக் கெடுக்கும். அதற்குத் தேவையும் இல்லை. கொடைக்கானல் வானாய்வுக்கூடம் 1904 முதல் எடுத்துவந்த படங்கள் இன்று கணனிக்கு ஏற்றவாறு மாற்றப்பட்டுள்ளன. மேகம் மூடிய நாட்களில் மட்டும் படம் இராது. அடுத்தடுத்த நாட்படங்களில் ஒரே கரும்புள்ளியைத் தொடர்ந்து பார்த்தால், அது கிழக்கு விளிம்பில் தோன்றி, ஏறத்தாழப் பதினான்கு நாளில் மேற்கு விளிம்பில் மறையும். நடுவில் விரைந்தும் விளிம்பில் தயங்கியும் செல்வதுபோலத் தெரிவது உருண்டையைத் தட்டையாகக் காண்பதன் விளைவே. ஆகவே படத்தில் அளந்த தூரத்தை நெட்டாங்காக மாற்றவேண்டும். சூரிய அச்சு 7 பாகையளவு சாய்ந்திருப்பதையும் கணக்கிற் சேர்க்கவேண்டும். முதல் மூன்று வாரமும் இவ்வேலைக்கே போய்விடும். இதை வீண்காலம் என்று கருதும் மாணவர் உண்டு. நான் அவ்வாறு கருதேன்.

கணக்கு முடிந்ததும் 27 நாள் என்று விடை வரும். புத்தகமோ 25 நாள் என்கிறது! பிழை எங்கே? பிழையே இல்லை. சூரியன் சுழலும் திசையிலேயே பூமியும் அதனைச் சுற்றி நகர்கிறது. புள்ளி ஒரு முழுச் சுற்றை முடிக்கும்போது நாம் இருபத்தைந்து பாகை முன்னே சென்றுவிட்டோம். நம்மை எட்டிப் பிடிக்க அதற்கு மேலும் இரண்டு நாள் வேண்டும்.

அடுத்து, வெவ்வேறு அகலாங்குகளிலுள்ள புள்ளிகளை அளந்தால் விடைகள் ஒன்றுபடா. மத்தியகோட்டை அண்டியவை விரைந்து சுற்றும்; அப்பாலுள்ளவை பின்தங்கும். சூரியன் திண்மப் பொருளன்று என்பதை 19ஆம் நூற்றாண்டில் கரிங்டன் என்னும் ஆங்கிலேயர் இவ்வாறே கண்டார்.

இத்துணையும் பழைய வழி. இனித்தான் மாணவரின் சொந்த வினா பிறக்கும். ஒரே அகலாங்கிலும் புதிதாகத் தோன்றிய புள்ளிக் கூட்டங்கள் முதிர்ந்தவற்றைவிடச் சற்று விரைந்து செல்கின்றன. அவற்றின் காந்தப்புல வேர்கள் வேறு வேறு ஆழத்தில் ஊன்றியிருப்பதே காரணம் என்பர் சிலர். எஞ்சிய வாரங்களை அதற்கு ஒதுக்கலாம்.