சீராக வந்த டிரெஸ்ஸிங் டேபிளுக்குப் பெயின்ட் அடிக்கும் முன்

பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கத் தொடங்கும்போது தஞ்சாவூர், மன்னார்குடிப் பக்கத்து வீடுகளில் ஒரு பேச்சு எழும். கல்யாணச் சீராக வந்த டிரெஸ்ஸிங் டேபிளை என்ன செய்வது? கண்ணாடியில் ரசம் போயிருக்கும், சன்மைக்கா ஓரத்தில் பிரிந்திருக்கும். போகியில் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். சன்மைக்காவிலும் அதற்கு அடியிலுள்ள பலகையிலும் செயற்கைப் பிசின் இருக்கிறது, எரித்தால் நச்சுப்புகைதான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பெயின்ட் அடித்து, பிள்ளைகளுக்குப் புத்தக அலமாரியாக மாற்றுவது நல்ல காரியம். அது பிள்ளைகள் கை வைக்கும் பொருளாக மாறப்போகிறது என்பதால்தான் இவ்வளவும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் கவனிக்க வேண்டியது ஈயம். பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு நிறங்களுக்காக எனாமல் பெயின்டுகளில் ஈயச் சேர்மங்களைக் கலப்பது நெடுநாள் வழக்கம். பெயின்ட் உதிர்ந்து தூசியாகும், தூசி விரலில் ஒட்டும், விரல் வாய்க்குப் போகும். உடலுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்களைவிடக் குழந்தைகள் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறார்கள். பாதுகாப்பான அளவு என்று எதுவுமே அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெளியே எந்த அறிகுறியும் தெரியாமலே மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். அந்த இழப்பை மருந்தால் மீட்க முடியாது.

இதற்குச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசு 2016 நவம்பரில் அறிவித்த விதிகள் 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளன. வீட்டு உபயோக, அலங்காரப் பெயின்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அதை டப்பாவின் மேலேயே அச்சிட வேண்டும். அந்த வரி இல்லாத டப்பாவை வாங்காதீர்கள். இந்த வரம்பு வீட்டுப் பெயின்டுகளுக்கு மட்டும்தான் என்பதையும் மறக்க வேண்டாம். டிராக்டர் டிரெய்லருக்கு அடித்து மிஞ்சியது கொல்லையில் கிடக்கிறதே என்று எடுத்துப் பிள்ளையின் அலமாரியில் பூசிவிடக் கூடாது.

மேஜையில் ஏற்கெனவே பழைய பெயின்ட் இருந்தால், காய்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. ஆனால் சன்மைக்கா பெயர்ந்த இடத்தில் பலகை தண்ணீர் குடிக்கும். அங்கே ஈரத்துணியால் துடைத்தால் போதும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அப்போது அருகில் இருக்க வேண்டாம். தேய்த்த கசடை வாய்க்காலில் கொட்டாதீர்கள், பிரஷையும் அங்கே கழுவாதீர்கள். வயலுக்குப் போகும் தண்ணீர் அது.

வழவழப்பான சன்மைக்காவில் சாதாரண மர பிரைமர் நிற்காது, உரிந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, மினுமினுப்பு போகும் அளவுக்கு மட்டும் தேய்த்து, வழுக்குப் பரப்பில் பிடிக்கும் பிரைமர் என்று கேட்டு வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இந்த வேலை வேண்டாம். 2018 கஜா புயலில் கூரை போன வீடுகளில் நடந்ததுபோல, நனைந்து உப்பிய துகள் பலகை பழைய நிலைக்குத் திரும்பாது. அதற்குப் பெயின்ட் வாங்குவது வீண் செலவு.

தின்னரைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நுரையீரலுக்குள் போனால் ஆபத்து இன்னும் பெரிது. 108-ஐ அழையுங்கள். டெல்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117.

டப்பாவில் ஈய அளவு இல்லாமல் விற்றால், பில் தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லலாம். அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் வாங்கினால் தொழிலாளர் துறையிடமும் புகார் செய்யலாம். இழப்பீடு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி, பெயின்டை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணமும் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பொருளின் குறையைச் சோதித்துத்தான் அறிய முடியும் என்றால், மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சோதனைக் கட்டணத்தை உங்களைக் கட்டச் சொல்லக்கூடும். அதனால் வேலை முடிந்ததும் டப்பாவைத் தூக்கிப் போடாமல், மிச்சப் பெயின்டோடு இறுக மூடி, பில்லையும் சேர்த்து, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்திருங்கள்.