உறைந்த கருவும் கரையும் சேமிப்பும்

கோவளத்தில் எங்கள் உறவினர் பெண் ஒருவருக்கு உறைகரு மாற்றம் இருமுறை பலனளிக்கவில்லை. மூன்றாவது முயற்சிக்காக நகைகளை அடகு வைக்க முடிவெடுத்தார். மருத்துவமனை கொடுத்த செலவுப் பட்டியலில் கருப்பையின் உட்படலத்தைக் கீறிவிடுதல், அப்படலத்தின் ‘ஏற்புத்திறன்’ பரிசோதனை என இரண்டு புதிய இனங்கள் சேர்ந்திருந்தன. “இவை அவசியமா அண்ணா?” என்று கேட்டார். அதற்கு விடை தேடிப் படித்தேன்.

சினைமுட்டைகளைப் பெருக்கத் தரப்படும் ஊசிமருந்துகள் உட்படலத்தையும் பாதிக்கக்கூடும். எனவே கருவைத் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் உறையவைத்துப் பின்னொரு மாதவிடாய்ச் சுழற்சியில் கருப்பையில் வைக்கிறார்கள். 1978-இல் கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய் செய்ததும் இதுவே. அன்று அவரை அரசின் குழு நம்ப மறுத்தது. 1981-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அங்கீகாரம் பிறகே வந்தது.

நம்பத்தக்க ஆதாரமின்றி அவரை நிராகரித்தோம். இன்றோ ஆதாரமற்ற சிகிச்சைகளைக் காசு கொடுத்து வாங்குகிறோம். உட்படலத்தைக் கீறுவதால் குழந்தைப் பிறப்பு கூடவில்லை என்று 1,364 பெண்களிடம் நடந்த பன்னாட்டு ஆய்வு 2019-இல் காட்டியது. ஏற்புத்திறன் பரிசோதனைப்படி நாள் குறிப்பதும் பலன் தரவில்லை என்று 2022-இல் வெளியான அமெரிக்க ஆய்வு கண்டது.

உண்மையில் வெற்றியைத் தீர்மானிப்பவை எளியவை: சினைமுட்டை எடுக்கப்பட்டபோது பெண்ணின் வயது, கருவின் தரம், உறையவைத்து உருக்கும் ஆய்வகத்தின் திறன், புரோஜெஸ்டிரோன் தொடங்கும் நாளுக்கும் கருவின் வளர்ச்சிக்கும் உள்ள பொருத்தம். மாதவிடாய் ஒழுங்காக வருபவர்களுக்கு இயற்கைச் சுழற்சியிலேயே கருவை வைக்க இயலும். சினைமுட்டை வெளியேறாத மருந்துச் சுழற்சியில் கர்ப்பகால இரத்த அழுத்தக் கோளாறுகள் அதிகம் எனப் பல ஆய்வுகள் கூறுகின்றன. தரமான ஒற்றைக் கருவை வைப்பது, இரட்டைக் கர்ப்பத்தையும் குறைப்பிரசவத்தையும் தவிர்க்க உதவும்.

எனவே மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இயற்கைச் சுழற்சி எனக்குப் பொருந்துமா? ஏன் ஒரு கருவுக்கு மேல்? இந்தக் கூடுதல் சிகிச்சையால் குழந்தைப் பிறப்பு கூடும் என்பதற்கு என்ன ஆதாரம்? கர்ப்பப் பரிசோதனையில் வெற்றி என்பது வேறு, குழந்தை கைக்கு வருவது வேறு. மையங்கள் சொல்லும் சதவீதம் இவற்றில் எது என்பதையும் விசாரிக்க வேண்டும்.

எங்கள் பெண் கேட்டார். இரண்டு இனங்களும் பட்டியலிலிருந்து நீங்கின. பலன் என்னவாகும் என்று எவராலும் உறுதி கூற இயலாது. ஆனால் ஒரு ஜோடி வளையல் வீட்டிலேயே இருக்கிறது.