ஃபேன் எப்போது சுற்றும், எப்போது நிற்கும்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "நான் எதுவுமே செய்யவில்லை, உள்ளே ஃபேன் திடீரென்று உய்ய்ய் என்று கத்துகிறது. ஐந்து நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடுகிறது. கம்ப்யூட்டரில் ஏதாவது கோளாறா?" வேறு சிலர் இதற்கு நேர்மாறாகக் கேட்பார்கள். "புது கிராஃபிக்ஸ் கார்டு போட்டேன். அதன் ஃபேன் சுற்றவே இல்லை. பழுதான கார்டைத் தலையில் கட்டிவிட்டார்களா?"

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். அதைப் புரிந்துகொள்ள, கம்ப்யூட்டரைச் சற்று ஓரமாக வைத்துவிட்டு வாசலில் நிற்கும் வண்டியைப் பார்ப்போம்.

ஸ்ப்ளெண்டர் போன்ற பைக்குகளில் ஃபேனே கிடையாது. இன்ஜினைச் சுற்றி வரிசையாக உலோகத் தகடுகள் இருக்கும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அவற்றின் மேல் பட்டுச் சூட்டைக் கொண்டு போய்விடும். ஆக்டிவா போன்ற ஸ்கூட்டர்களில் இன்ஜின் மூடிக்குள் ஒளிந்திருப்பதால் எதிர்க்காற்று படாது. எனவே கிராங்க் ஷாஃப்டிலேயே ஒரு ஃபேனைப் பொருத்திவிட்டார்கள். இன்ஜின் ஓடினால் ஃபேன் ஓடும், இன்ஜின் நின்றால் நிற்கும். சூடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

மூன்றாவது வகைதான் நமக்கு முக்கியம். 2008-ல் இந்தியாவுக்கு வந்த யமஹா ஆர்15, 2012-ல் வந்த கேடிஎம் டியூக் 200 போன்ற வண்டிகளில் கூலன்ட் என்ற திரவம் இன்ஜினைச் சுற்றி வந்து சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகும். ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு சின்ன மின்சார ஃபேன் இருக்கும். நெடுஞ்சாலையில் போகும்போது இந்த ஃபேன் பெரும்பாலும் சுற்றாது. எதிர்க்காற்றே போதும். நெரிசலில் மாட்டி சிக்னலில் நிற்கும்போதுதான் அது வேலைக்கு வரும். பெரும்பாலான வண்டிகளில் கூலன்டின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும்போது ஃபேன் ஓடத் தொடங்கும், சில டிகிரி குறைந்ததும் நின்றுவிடும். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடும். வாங்கிய புதிதில் இந்தச் சத்தத்தைக் கேட்டு சர்வீஸ் சென்டருக்கு ஓடியவர்கள் உண்டு. "சார், அது ஓடினால் பயப்படாதீர்கள், ஓடாவிட்டால்தான் பயப்பட வேண்டும்" என்று மெக்கானிக் சொல்லித் திருப்பி அனுப்புவார்.

கம்ப்யூட்டரின் கதையும் இதே பாதையில்தான் வந்திருக்கிறது. ஆரம்பகால ப்ராசஸர்களுக்கு ஃபேன் தேவைப்படவில்லை. 486 காலத்தில் தகடு தகடாக ஹீட் சிங்க் வந்தது, அது ஸ்ப்ளெண்டர் வகை. 1993-ல் பென்டியம் வந்ததை ஒட்டி ஹீட் சிங்கின் மேல் ஃபேன் அமர்வது வழக்கமாயிற்று. பவர் கொடுத்தால் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆக்டிவா வகை. இன்று உங்கள் மேசையில் இருப்பது மூன்றாவது வகை. சூட்டைப் பார்த்து முடிவெடுக்கும் ஃபேன்.

யார் முடிவெடுக்கிறார்கள்?

ப்ராசஸருக்குள்ளேயே வெப்பத்தை அளக்கும் சென்சார்கள் இருக்கின்றன. அவை சொல்லும் எண்ணை மதர்போர்டு கேட்டுக்கொண்டே இருக்கும். இத்தனை டிகிரி என்றால் இத்தனை வேகம் என்று பயாஸில் ஒரு கணக்கு எழுதப்பட்டிருக்கும். கம்ப்யூட்டரை ஆன் செய்த உடனே ஃபேன் ஒரு முறை முழு வேகத்தில் சீறிவிட்டு அடங்குவதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். பயாஸ் பொறுப்பை எடுத்துக்கொள்ளும் வரை ஃபேன் தன் இஷ்டப்படி ஓடுகிறது, அவ்வளவுதான்.

கேபினெட்டைத் திறந்து பார்த்தால் ப்ராசஸர் ஃபேனிலிருந்து நான்கு வயர்கள் மதர்போர்டுக்குப் போகும். (பலர் கேபினெட்டையே சிபியு என்கிறார்கள். உண்மையில் சிபியு என்பது உள்ளே ஃபேனுக்கு அடியில் இருக்கும் சின்னச் சில்லுதான்.) இரண்டு வயர்கள் 12 வோல்ட் மின்சாரத்துக்கு. மூன்றாவது, ஃபேன் தன் வேகத்தை மதர்போர்டுக்குச் சொல்லும் வயர். ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகள் அனுப்பும், அதை எண்ணி நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று மதர்போர்டு தெரிந்துகொள்ளும். நான்காவது வயரில் மதர்போர்டு கட்டளை அனுப்பும். நொடிக்கு 25,000 முறை ஆன், ஆஃப் என்று மாறும் சிக்னல் அது. ஆன் நேரம் அதிகமானால் வேகம் கூடும். ஏன் 25,000? மனிதக் காது சுமார் 20,000 அதிர்வுகளுக்கு மேல் கேட்காது. அதைவிடக் குறைவாக வைத்திருந்தால் மோட்டாரின் ரீங்காரம் காதைத் துளைக்கும். இந்த நான்கு வயர் முறை இன்டெல்லின் 775 சாக்கெட் வந்த 2004-ஐ ஒட்டிப் பரவியது.

இப்போது கிராஃபிக்ஸ் கார்டு கேள்விக்கு வருவோம். 2014-ஐ ஒட்டி வந்த கார்டுகளிலிருந்து, சூடு குறைவாக இருக்கும்போது ஃபேனை முழுவதுமாக நிறுத்திவைக்கும் வசதி பரவலாகிவிட்டது. பொதுவாக 50, 60 டிகிரிக்குக் கீழே ஃபேன் நிற்கும். கேம் ஆரம்பித்துச் சில நிமிடங்கள் பொறுங்கள், சுற்றும். சுற்றினால் கார்டு நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஃபேன் 60 டிகிரியில் ஓடத் தொடங்கி, 59-க்கு வந்ததும் நின்றுவிட்டால் என்ன ஆகும்? மறுபடி 60, மறுபடி 59 என்று நொடிக்கொரு முறை ஓடி நிற்கும். வீட்டு இஸ்திரிப் பெட்டியின் விளக்கைப் பாருங்கள். சூடு ஏறியதும் அணையும், நன்றாக இறங்கிய பிறகுதான் மீண்டும் எரியும். ஓடத் தொடங்கும் சூட்டுக்கும் நிற்கும் சூட்டுக்கும் நடுவே வேண்டுமென்றே ஓர் இடைவெளி வைப்பது பைக்கிலும் உண்டு, கம்ப்யூட்டரிலும் உண்டு. அதனால்தான் வேலை முடிந்த பிறகும் ஃபேன் சிறிது நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் கம்ப்யூட்டர் பைக்கிலிருந்து மாறுபடுகிறது. இன்ஜின் கனமான உலோகம், சூடேற நிமிடங்கள் ஆகும். ப்ராசஸர் சில்லு விரல் நகம் அளவே இருக்கும். ஒரு வெப் பக்கத்தைத் திறந்தால் ஒரே நொடியில் 20 டிகிரி எகிறி, அடுத்த நொடியே இறங்கிவிடும். ஃபேன் எரிச்சலூட்டும்படி ஏறி இறங்கினால் பயாஸில் ஃபேன் பகுதிக்குச் சென்று பாருங்கள். வேகம் கூடுவதற்கு முன் சில நொடிகள் காத்திருக்கச் சொல்லும் வசதி பல மதர்போர்டுகளில் இருக்கிறது. அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். புதியவர்கள் மற்றவற்றைத் தொட வேண்டாம்.

"நான் எதுவுமே செய்யவில்லை" என்பவர்கள் ஒரு முறை கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சிபியு என்ற தலைப்பின் மேல் க்ளிக் செய்யுங்கள். அதிக வேலை வாங்கும் புரோகிராம் முதலில் வரும். விண்டோஸ் அப்டேட்டாகவோ ஆன்டி வைரஸ் ஸ்கேனாகவோ இருந்தால் விட்டுவிடுங்கள், முடிந்துவிடும். பெயர் தெரியாத ஏதோ ஒன்று நாள் முழுக்க சிபியுவைத் தின்றுகொண்டிருந்தால் கவனியுங்கள். உங்கள் மின்சாரத்தில் யாருக்கோ கிரிப்டோ நாணயம் சம்பாதித்துக் கொடுக்கும் வைரஸ்கள் உண்மையாகவே இருக்கின்றன. ஃபேன் சத்தம்தான் அவற்றை முதலில் காட்டிக்கொடுக்கும்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

ஃபேன் நின்றுபோனால் ப்ராசஸர் எரிந்துவிடுமா? ஒரு காலத்தில் எரிந்தது. 2001-ல் டாம்ஸ் ஹார்டுவேர் தளத்தினர் ஓடிக்கொண்டிருந்த ப்ராசஸர்களிலிருந்து ஹீட் சிங்கைக் கழற்றிப் பார்த்தார்கள். ஏஎம்டி ஆத்லான் புகைந்து போனது. பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பித்தது. இன்று எல்லா ப்ராசஸர்களும் இந்தத் தற்காப்போடுதான் வருகின்றன. 95, 100 டிகிரியை நெருங்கினால் முதலில் வேகத்தைக் குறைக்கும். அப்படியும் சூடு ஏறினால் கம்ப்யூட்டரையே அணைத்துவிடும். சில்லு பிழைக்கும், சேமிக்காத உங்கள் வேலை பிழைக்காது.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவியின் லேப்டாப் தினமும் இரவில் மட்டும் அணைந்துபோனது. ஒரு கடையில் மதர்போர்டை மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். நான் போய்ப் பார்த்தபோது அவள் மெத்தையின் மேல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். பெரும்பாலான லேப்டாப்புகள் காற்றை அடிப்புறமாகத்தான் உறிஞ்சும். மெத்தை அந்தத் துளைகளை அடைத்துவிட்டது. ஒரு பரீட்சை அட்டையை அடியில் வைத்தோம். பிரச்சினை தீர்ந்தது, ப்ராஜெக்டும் முடிந்தது.

கோடையில் ஃபேன் அதிகம் கத்துவதும் இயல்புதான். ஃபேனால் அறையின் வெப்பத்தைவிடக் குளிர்விக்க முடியாது. அறை 28 டிகிரியாக இருக்கும்போது 58-ல் ஓடும் ப்ராசஸர், மே மாதத்தில் அறை 40-ஐத் தொடும்போது அதே வேலைக்குச் சுமார் 70-க்குப் போகும். கேபினெட்டைக் கதவு வைத்த கம்ப்யூட்டர் மேசைக்குள் அடைத்து வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். வெளியே தள்ளிய சூடான காற்றையே அது திரும்ப உறிஞ்சும். வெளியே எடுத்து வையுங்கள். பக்கவாட்டு மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பது பலருடைய வைத்தியம். அன்றைக்குச் சூடு குறையும். மூன்று மாதத்தில் தூசி படிந்து முன்பைவிட அதிகமாகச் சுடும்.

உண்மையிலேயே அவசரமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மூடிப் பைக்குள் வைத்த லேப்டாப்பில் ஃபேன் சத்தம் கேட்டால் அது தூங்கவில்லை என்று அர்த்தம். மூடிய பையில் சூடு போக வழியில்லை, பக்கத்திலேயே பேட்டரி வேறு இருக்கிறது. உடனே வெளியே எடுத்து ஷட் டவுன் செய்யுங்கள். பயணத்துக்கு முன் மூடியை மட்டும் மூடாமல் ஷட் டவுனோ ஹைபர்னேட்டோ செய்துவிடுவது நல்லது.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை தூசி தட்டுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, ப்ளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் அளவுக்கு மீறிய வேகத்தில் சுழன்று பேரிங் கெடும். ஈரத்துணி கூடாது. எல்லாம் முடித்து ஆன் செய்யும்போது திரையில் "சிபியு ஃபேன் எர்ரர்" என்று வந்தால், எஃப்1 தட்டி அப்படியே உள்ளே போய்விடாதீர்கள். அந்த மூன்றாவது வயரிலிருந்து துடிப்பு வரவில்லை என்றுதான் மதர்போர்டு சொல்கிறது. பெரும்பாலும் சிபியு ஃபேன் என்று அச்சிட்ட இடத்தில் செருக வேண்டிய பிளக்கைப் பக்கத்தில் வேறு இடத்தில் செருகியிருப்பீர்கள். அணைத்துவிட்டுச் சரியாகச் செருகுங்கள்.