அசதி அல்ல, இரத்தசோகை

நெடுங்காடு பக்கம் நடவு வேலைக்குப் போகும் அக்கா ஒருவர். வயது 38. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது, குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டுகிறது. "அசதிதான் தங்கச்சி, வயசாவுதுல்ல" என்றார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவந்திருக்க வேண்டிய இடம் வெளுத்திருந்தது. பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4 கிராம். அவருக்கு 12 இருந்திருக்க வேண்டும். வீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் பிரிக்காத இரும்புச்சத்து மாத்திரை அட்டைகள் கிடந்தன. "தின்னா குமட்டுது. வெளிக்குக் கறுப்பாப் போவுது. பயந்து வச்சிட்டேன்."

மாத்திரை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அதைப் பற்றிப் பேசியவர்கள் இல்லை.

தமிழ் படித்த காலத்தில் பெண்ணின் வெளிறலைப் பசலை என்று படித்தேன். தலைவன் பிரிந்ததால் வருவது என்றார்கள். நம் தெருக்களில் நான் காணும் வெளிறலுக்குக் காரணம் பிரிவு அல்ல. குறைந்த சோறு, கூடுதல் உழைப்பு, கடைசியில் சாப்பிடும் பழக்கம்.

2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை. பட்டியல் சாதிப் பெண்களிடம் இது இன்னும் கூடுதல்.

அறிகுறிகளைத் தெரிந்துகொள்வோம். தீராத அசதி, படபடப்பு, தலைசுற்றல், நகம் குழிந்து போதல், நாக்கும் உள்ளங்கையும் வெளுத்தல். பச்சரிசி, சாம்பல், செங்கல் தூள் தின்னத் தோன்றுவதும் இதன் அடையாளமே. அதற்காகத் திட்டாதீர்கள், பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

காரணங்களில் முதலாவது உணவு. வயல் நண்டு, நத்தை, மாட்டுக்கறி, ஆட்டு ஈரல் என்று நம் பாட்டிகள் சாப்பிட்டவை உடம்பு எளிதில் ஏற்கும் இரும்புச்சத்து உள்ளவை. பூச்சிமருந்து வயலில் நண்டையும் நத்தையையும் குறைத்தது. மாட்டுக்கறியை இழிவென்று சொல்லிச் சொல்லி நம் பிள்ளைகளையே கூச வைத்தார்கள். இரண்டாவது இரத்த இழப்பு. மாதவிடாயில் அதிகம் போனாலும் வெளியில் சொல்லாமல் மறைக்கிறோம். மூன்றாவது கொக்கிப்புழு. கழிப்பறை இல்லாத இடத்தில், வெறுங்காலோடு ஈர மண்ணில் நடப்பவரின் தோல் வழியே நுழைந்து குடலில் இரத்தம் குடிக்கும். இந்த மூன்றிலும் சாதி இருக்கிறது.

சிகிச்சை கடினமல்ல. அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மாத்திரை இலவசம். கர்ப்பிணிகள் நான்காம் மாதத்திலிருந்து 180 நாளும், பிரசவத்துக்குப் பின் 180 நாளும் தினம் ஒன்று போட வேண்டும். சோகை இருந்தால் மருத்துவர் அளவைக் கூட்டுவார். கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனாலே சோகை. 7க்குக் கீழே போனால் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். சோகையுள்ள தாய்க்குப் பிரசவத்தில் ஏற்படும் இரத்தப்போக்கு உயிரைப் பறிக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மாத்திரை உண்டு. குடற்புழு மாத்திரையையும் தவறவிடக்கூடாது.

மலம் கறுப்பது மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம். குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போடலாம். டீ, காபி, பால், கால்சிய மாத்திரை இவற்றோடு சேர்த்துப் போடக்கூடாது. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதும் இரும்பைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது பொறுங்கள். எலுமிச்சை, நெல்லிக்காய் இரும்பை உடம்பில் சேர்க்கும். முருங்கைக்கீரையில் எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள். அளவு சரியான பிறகும் சேமிப்பு நிரம்பச் சில மாதம் தொடர வேண்டும். ஒரு மாதத்தில் ஏறாவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும்.

காரைக்கால் மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளில் நெடுங்காடு தனித்தொகுதி. வாக்குக் கேட்டு நம் தெருவுக்குள் வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள்: கூலி வேலை முடிந்து வரும் மாலை நேரத்தில், எங்கள் தெருவிலேயே இரத்தப் பரிசோதனை. வேலைநாளை இழந்து மருத்துவமனை வரிசையில் நிற்க எங்களால் முடியாது.

அந்த அக்கா மூன்று மாதம் விடாமல் மாத்திரை போட்டார். இப்போது 11.6. "அசதின்னு நெனச்சது நோவுன்னு இப்பதான் தெரியுது" என்கிறார். இன்றிரவு உங்கள் வீட்டுப் பெண்களின் கீழ் இமையைப் பாருங்கள். அவர்களையும் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள்.