கார் பளபளக்க வேண்டுமா? தேய்ப்பதைக் குறையுங்கள்!



நமது இதழில் வழக்கமாக விலைவாசி, வரி, எடைக்கல் முத்திரை என்றே எழுதி வருகிறோம். இம்முறை கார் பற்றி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம்மில் பலர் இன்று ஒரு காரோ, சரக்கு வேனோ வைத்திருக்கிறோம். லட்சக்கணக்கில் முதல் போட்டு வாங்கிய அந்தப் பொருளை, துடைக்கிறோம் என்ற பெயரில் நாள்தோறும் நாமே கெடுத்துக் கொண்டிருக்கிறோம். அப்படிக் கெடுத்துப் பணத்தையும் இழந்த அனுபவத்தைத்தான் இங்கே சொல்கிறோம்.

நமக்கு விருதுநகரில் மல்லி, வற்றல், பருப்பு மொத்த வியாபாரம். சில ஆண்டுகளுக்கு முன் மகனின் விருப்பப்படி கறுப்பு நிறத்தில் ஒரு புதுக் கார் வாங்கினோம். லாரியிலிருந்து மூட்டை இறங்க இறங்கச் சாக்குத் தூசியும் தெருப் புழுதியும் அதன்மேல் படியும். கடையில் வேலை பார்த்த 20 வயதுப் பையனிடம் ஒரு மஞ்சள் துணியைக் கொடுத்து, தினமும் காலையில் கடை திறந்ததும் காரைத் துடைத்துவிடச் சொன்னோம். அவனும் ஒரு நாள் தவறாமல் துடைத்தான்.

ஆறு மாதம் சென்று ஒரு நாள் மத்தியான வெயிலில் பார்த்தால், பானெட் முழுவதும் சிலந்தி வலை பின்னியதுபோல வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். பையன் எதையோ வைத்துத் தேய்த்துவிட்டான் என்று நினைத்துப் பத்துப் பேர் முன்னிலையில் ஏசினோம். "நீங்க சொன்னபடிதான அண்ணாச்சி துடைச்சேன்" என்றான். எதிர்த்துப் பேசுகிறான் என்று இன்னும் இரண்டு வார்த்தை கூடுதலாக விழுந்தது. அந்த வாரச் சம்பளத்தில் 200 ரூபாயும் பிடித்தோம்.

பிறகு ஒரு பட்டறையில் ரப்பிங் பாலிஷ் போட்டோம். கார் கண்ணாடியாகத் திரும்பி வந்தது. ஒரு மாதத்தில் கீறலும் திரும்பி வந்தது. மறுபடி பாலிஷ். இப்படி இரண்டு ஆண்டுகளில் 7 முறை. கடைசியில் பானெட்டின் மடிப்பு ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்கு மங்கலான திட்டு விழுந்தது. மதுரையில் பெயிண்ட் வேலையில் பழுத்த ஒருவரிடம் காட்டினோம். அவர் ஒரு சிறு அளவுக் கருவியை அங்கங்கே வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இந்த இடத்துல மேல்பூச்சே இல்ல. தேய்ச்சே தீத்துட்டாங்க. இனி பெயிண்ட் அடிச்சாத்தான் உண்டு" என்றார்.

அடித்தோம். பின்னர் காரை விற்க முனைந்தபோது, வந்தவர் பானெட்டைப் பார்த்ததும் "மோதின வண்டியா?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றால் யார் நம்புவார்கள்? பேசிய விலையில் 35,000 ரூபாய் குறைந்தது. பாலிஷுக்குக் கொடுத்தது தனிக் கணக்கு.

மேல்பூச்சு என்னும் கைமுதல்

மதுரைக்காரர் அன்று சொன்னதையும், பிறகு நாம் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் சுருக்கமாகச் சொல்கிறோம்.

இன்றைய காரின் தகட்டின்மேல் முதலில் பிரைமர், அதன்மேல் நிறம், அதற்கும் மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு இருக்கிறது. எல்லாம் சேர்த்துச் சாதாரணமாக 100 முதல் 150 மைக்ரான்தான். 1,000 மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். இதில் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 40 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் கனம் ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். முடியைவிட மெல்லிய அந்தப் பூச்சுதான் பளபளப்பைத் தருகிறது. வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுவே.

பழைய அம்பாசடர், பிரீமியர் பத்மினி கார்களில் பெரும்பாலும் நிறமே மேல்பூச்சாகவும் இருந்தது. பாலிஷ் போட்டால் துணியில் வண்டியின் நிறம் ஒட்டும். பெயிண்ட் கரைவது கண்ணுக்குத் தெரியும். கையும் தானாக நின்றுவிடும். கிளியர் கோட்டுக்கு நிறம் இல்லாததால், அது கரைவது துணியில் தெரிவதில்லை. ஒன்றும் குறையவில்லை என்று நினைத்து மேலும் மேலும் தேய்க்கிறோம்.

கீறலை நீக்குவது என்றால் கீறலை எடுப்பது அல்ல. கீறல் ஒரு பள்ளம். பள்ளத்தை எடுக்க முடியாது. சுற்றியுள்ள மேட்டைத் தேய்த்து மட்டப்படுத்தத்தான் முடியும். மெல்லிய பாலிஷ் ஒரு முறைக்கு ஓரிரு மைக்ரான் எடுக்கும். காம்பவுண்டு போட்டு முரட்டுப் பேடால் தேய்த்தால் அதைவிடப் பல மடங்கு போகும். போனது திரும்பாது. வியாபாரத்தில் லாபத்தைச் செலவழிப்பவன் பிழைத்துக்கொள்வான். கைமுதலை எடுத்துச் செலவழிப்பவன் ஒரு நாள் கடையை மூடுவான். பாலிஷ் என்பது கைமுதலிலிருந்து எடுப்பது.

வட்டம் எப்படி வருகிறது?

வட்டமாகத் துடைத்ததால்தான் வட்டக் கீறல் வந்தது என்று நாமும் நினைத்திருந்தோம். அது முழு உண்மை அல்ல. கீறல்கள் எல்லாத் திசையிலும் இருக்கும். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி, வெளிச்சத்துக்குக் குறுக்காக அமைந்த கீறல்கள் மட்டும் மின்னுவதால் நம் கண்ணுக்கு வட்டமாகத் தெரிகிறது. பழைய எவர்சில்வர் தட்டை பல்புக்கு அடியில் பிடித்து அசைத்துப் பாருங்கள். பிம்பம் நகர நகர வட்டமும் கூடவே நகரும். வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் உண்டு. கறுப்பிலும் கருநீலத்திலும்தான் பளிச்சென்று தெரியும்.

கீறுவது துணி அல்ல. துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவில் சிக்கிய மணல். தெருப் புழுதியில் உள்ள மணல், கண்ணாடியையே கீறக்கூடிய கடினம் உடையது. உலர்ந்த தூசியின்மேல் உலர்ந்த துணியை இழுப்பது உப்புத்தாளை இழுப்பதற்குச் சமம். நம் பையன் தினமும் செய்தது அதைத்தான். செய்யச் சொன்னது நாம்.

கழுவும் முறை

1. தினமும் துடைக்க வேண்டாம். வாரம் ஒரு முறை கழுவினால் போதும். இடையில் முன் கண்ணாடியும் பக்கக் கண்ணாடிகளும் சுத்தமாக இருந்தால் சரி. பானெட்டில் தூசி இருந்தால் இருக்கட்டும். தூசி கீறாது, தேய்ப்புதான் கீறும்.

2. நிழலில், வண்டி சூடு ஆறிய பிறகு கழுவ வேண்டும். முதலில் மேலிருந்து கீழாகத் தண்ணீரை நன்றாக ஓடவிட்டு மணலை இறக்கிவிடுங்கள். அதன் பிறகே கை வைக்க வேண்டும்.

3. இரண்டு வாளி வையுங்கள். ஒன்றில் கார் ஷாம்பு கரைத்த தண்ணீர். மற்றதில் வெறும் தண்ணீர். ஒரு பகுதியைக் கழுவியதும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுப் பிறகே ஷாம்பு வாளியில் முக்க வேண்டும். ஒரே வாளியில் முக்கினால் எடுத்த மணலையே திரும்பப் பூசுகிறோம்.

4. மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் நேர்கோட்டில் இழுங்கள். கூரை முதலில், கதவின் அடிப்பகுதி கடைசியில். சக்கரத்துக்குத் தனித் துணி, தனி வாளி.

5. கீழே விழுந்த துணியை உதறிவிட்டு மறுபடி எடுக்காதீர்கள். நம் கார்களில் கீறல் விழ இந்த உதறலும் ஒரு காரணம்.

6. போர் தண்ணீர் வெயிலில் தானாகக் காய்ந்தால் உப்புத் திட்டு விழும். கழுவியவுடன் உலர்ந்த மைக்ரோஃபைபர் டவலை விரித்து, தண்ணீரை ஒற்றி எடுத்துவிடுங்கள்.

7. பறவை எச்சத்தைச் சுரண்டக் கூடாது. ஈரத் துணியை ஐந்து நிமிடம் அதன்மேல் போட்டு, ஊறிய பிறகு அள்ளி எடுங்கள். நாள் கணக்கில் விட்டால் பூச்சை அரித்துவிடும்.

இருக்கும் கீறலை என்ன செய்வது?

நகத்தால் மெதுவாகத் தடவுங்கள். நகம் தட்டினால் அது ஆழக் கீறல்; அதைப் பாலிஷால் போக்க முயன்றால் பூச்சுதான் தீரும். நகம் தட்டாத வலைக் கீறல் பாலிஷில் போகும்.

வேலைக்கு விடுமுன் பட்டறையில் இவற்றைக் கேளுங்கள். பெயிண்ட் கனம் அளக்கும் கருவி இருக்கிறதா? ஒரு மூலையில் இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் முதலில் மெல்லிய பாலிஷைப் போட்டுக் காட்டுவார்களா? மடிப்பு ஓரங்களில் பூச்சு மெல்லியதாக இருக்கும். அங்கே டேப் ஒட்டுவார்களா? எந்த மெஷின்? ஒரே திசையில் வேகமாகச் சுற்றும் ரோட்டரி மெஷின், பழகாதவர் கையில் சூடேறிப் பெயிண்டைக் கெடுக்கும். புதிய சுழல் தடங்களையும் உண்டாக்கும். சுழன்றுகொண்டே தள்ளாடும் டி.ஏ. மெஷின் வேகம் குறைவு, ஆபத்தும் குறைவு.

பாலிஷுக்கு முன் ஒரு சோதனை உண்டு. கழுவி உலர்ந்த பானெட்டை, கையில் ஒரு மெல்லிய பாலித்தீன் கவரை மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் பூச்சில் துகள்கள் ஒட்டியிருக்கின்றன. அதற்கென்று விற்கும் களிமண் கட்டியை, அதற்குரிய திரவம் தெளித்து வழுக்கவிட்டு அவற்றை எடுத்த பிறகே பாலிஷ் போட வேண்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். எண்ணெயும் மெழுகும் கலந்த சில பாலிஷ்கள் கீறலை நீக்காமல் நிரப்பி மறைக்கும். நாலைந்து கழுவலில் சாயம் வெளுத்துவிடும். வேலை முடிந்ததும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரால் ஒரு இடத்தைத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகும் கீறல் தெரியாவிட்டால்தான் நேர்மையான வேலை.

ஒழுங்காகச் செய்த ஒரு பாலிஷ், கழுவும் முறை சரியாக இருந்தால் பல ஆண்டுகள் நிற்கும். முறை மாறாவிட்டால் ஒரு மாதம்கூட நிற்காது.

பளபளப்பு நிலைக்க

பாலிஷ் முடிந்ததும் பாதுகாப்புப் பூச்சு ஒன்று அவசியம். பிரேசில் நாட்டுப் பனை மரத்தின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னுபா மெழுகு நல்ல பளபளப்புத் தரும். நம் வெயிலில் சில வாரங்கள் நிற்கும். செயற்கை சீலன்ட் சில மாதங்கள் வரை தாங்கும். செராமிக் கோட்டிங் விலை அதிகம். பராமரித்தால் ஓரிரு ஆண்டுகளுக்கு மேல் இருக்கும். ஆனால் எந்தப் பூச்சு போட்டாலும் உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழத்தான் செய்யும். ஆயுள் முழுவதும் கீறலே விழாது என்று சொல்லி விற்பவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பற்பசை போட்டுத் தேய்ப்பது, மண்ணெண்ணெய் தடவுவது, தேங்காயெண்ணெய் பூசுவது ஆகிய வைத்தியங்கள் வேண்டாம். பற்பசையும் ஒரு தேய்ப்புப் பொருள்தான். எண்ணெய் இரண்டு நாள் மினுக்கிவிட்டு, தெருத் தூசியையெல்லாம் இழுத்து ஒட்டவைக்கும்.

நம் கல்லாவுக்கு வருபவரிடம்

மளிகைக் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கார் கழுவ என்று கேட்டு வருபவருக்குப் பாத்திரம் துலக்கும் திரவத்தையோ, தூளையோ எடுத்துக் கொடுக்காதீர்கள். திரவம் மெழுகை நீக்கிவிடும், தூள் கீறிவிடும். கார் ஷாம்பு பாட்டிலும் மைக்ரோஃபைபர் துணியும் அதிக இடம் பிடிக்காத சரக்கு. துணி விற்கும்போது, துவைக்கையில் சாதாரணத் துணிகளுடன் போட வேண்டாம், கம்ஃபர்ட் போன்ற மென்மையூட்டி சேர்க்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். சொல்லி விற்கும் கடைக்கு வாடிக்கையாளர் திரும்ப வருவார்.

இப்போது நம்மிடம் இருப்பது இரண்டாவது கார். அதுவும் கருநீலம்தான். ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு. அன்று காலை இரண்டு வாளித் தண்ணீரில் கழுவுகிறோம். மூன்றாம் ஆண்டு நடக்கிறது. இதுவரை ஒரு முறைகூடப் பாலிஷ் போடவில்லை.

மதுரையிலிருந்து திரும்பிய மறுநாள் பையனைக் கூப்பிட்டு, பிடித்த 200 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தோம். ஏசியது பத்துப் பேர் முன்னால் என்பதால், "தப்பு உன்மேல இல்ல, சொன்ன எங்க மேலதான்" என்பதையும் அதே கடையில், ஆட்கள் இருக்கும்போதே சொன்னோம். அவன் இப்போது சிவகாசியில் சொந்தமாக ஒரு சிறு கடை வைத்திருக்கிறான். நம்மிடம்தான் பருப்பு எடுக்கிறான். சென்ற மாதம் பழைய சரக்கு வேன் ஒன்று வாங்கி, காட்டுவதற்குக் கொண்டு வந்திருந்தான். தூசியோடுதான் வந்தது. துடைக்கவில்லையா என்று நாமும் கேட்கவில்லை.