மோதலும் விலகலும்

ஈதர்நெட் கம்பியில் செல்லும் செய்திப் பொட்டலம் 64 பைட்டுக்குக் குறையலாகாது என்ற விதி ஏன் என்று வாசக அன்பர் ஒருவர் வினவியிருக்கிறார்.

1973-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில், ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில், ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட்டைக் கற்பனை செய்து டேவிட் பாக்ஸுடன் உருவாக்கியபோது, ஹவாய்த் தீவுகளை வானொலியால் இணைத்த அலோஹாநெட் ஆதர்சமாயிருந்தது. பல கணினிகள் பகிரும் கம்பி மௌனமாயிருந்தால்தான் ஒரு கணினி பேசத் தொடங்கும். ஆயினும் இரு கோடிகளிலும் உள்ளவை ஒருசேர அம்மௌனத்தை நம்பிவிட்டால் மோதல் நிகழும். பேசும்போதே கேட்டுக்கொண்டும் இருக்கும் கணினி, தன் குரலோடு வேறொன்று கலந்ததை உணர்ந்ததும், மற்றவையும் ஐயமற அறியுமாறு 32 பிட் குழப்பக்குறியை அனுப்பிவிட்டு நிறுத்திவிடும்.

அதன் பின் நிகழ்வதுதான் என் உள்ளங்கவர்ந்த அற்புதம். அயல்நாட்டிலிருந்த தமையனாரோடு டிரங்க் காலில் பேசுகையில், குரல் தாமதித்து வந்தமையால், இருவரும் ஒருங்கே பேசி, ஒருங்கே நிறுத்தி, மறுபடியும் ஒருங்கே தொடங்கி, "நீ சொல்", "இல்லையண்ணா, நீங்கள் சொல்லுங்கள்" என்பதிலேயே காசு கரைந்தது எனக்கு நினைவிருக்கிறது. எங்களுக்குத் தோன்றாத உபாயம் ஈதர்நெட்டுக்குத் தோன்றியது: சீட்டுக் குலுக்கிக் காத்திருப்பது. முதல் மோதலுக்குப் பின் 0, 1 என்ற இரண்டிலொரு சீட்டு. மீண்டும் மோதினால் 0 முதல் 3 வரை. அடுத்து 7 வரை. இவ்வாறு இரட்டித்துப் பத்தாவது மோதலில் 1023-ஐ எட்டி நிற்கும். பதினாறு முயற்சியும் வீணானால் அச்செய்தி கைவிடப்படும்.

விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் சீட்டிலுள்ள எண்ணில் ஒவ்வொன்றுக்கும் காத்திருக்கும் காலம் 51.2 மைக்ரோவிநாடி, அதாவது 512 பிட், 64 பைட், செல்லும் நேரம். செய்தி கம்பியின் மறுகோடியை அடைந்து, அங்கே நேர்ந்த மோதலின் சேதி திரும்பி வருவதற்குள் பேச்சு முடிந்துவிடலாகாது. 64 பைட்டின் ரகசியம் இதுவே.

இன்று ஒவ்வொரு கணினிக்கும் ஸ்விட்ச்சிலிருந்து தனிக்கம்பி; பேசவும் கேட்கவும் தனித்தனிப் பாதை, அதாவது முழு இருவழி. மோதலே இல்லாததால் பாடத்திலும் சிலர் இதைத் தள்ளிவிடுகிறார்கள். அதன் பலனை ஓர் அலுவலகத்தில் கண்டேன்: பச்சை விளக்கு எரிகிறது, சிறு கடிதம் போகிறது, பெரிய கோப்போ ஊர்கிறது. ஒரு முனையை முழு இருவழிக்கு எவரோ கையால் பூட்டிவிட, தானியங்கு முறையிலிருந்த மறுமுனை அதையறியாது பழைய மரியாதைப்படி மோதலுக்கஞ்சி விலகிக்கொண்டேயிருந்தது. காரணமறியாமல் புதுக்கருவிக்குப் பணம் செலவிட்டார்கள்.

உங்கள் இணைப்பு இவ்வாறு ஊர்ந்தால், எதையும் வாங்குமுன், இரு முனைகளின் அமைப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.